கம்பி கட்டுறது வேட்டை இல்ல

மலையகத்தில் ஒரு சிறுத்தை கம்பியில் மாட்டிச் செத்தால், மூன்று நாளைக்கு நாமெல்லாம் கொலைகாரர்கள். முதல் நாள் படம் வரும். இரண்டாவது நாள் அந்தப் படத்துக்குக் கீழே சிங்களத்திலும் இங்கிலீஷிலும் “தோட்டத்து ஆட்கள்” என்று தொடங்கும் கமெண்டுகள் வரும். மூன்றாவது நாள் ஒரு அறிக்கை. நாலாவது நாள் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும். அடுத்த கம்பியில் அடுத்த சிறுத்தை மாட்டும்வரை யாரும் வாயைத் திறப்பதில்லை.

நம்ம பக்கத்திலும் இதற்கு இரண்டு பதில்தான் இருக்கிறது. ஒன்று, “நாங்க இல்ல, வெளி ஆளுங்க” என்று ஒதுங்குவது. இன்னொன்று, நாலு பசங்க சேர்ந்து காட்டுத் தொங்கலில் கம்பி கட்டி, பன்றி விழுந்ததும் அதைத் தூக்கிப்பிடித்து, பின்னால் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு வீடியோ எடுப்பது. அதற்குப் பெயர் “வேட்டை”யாம், “கெத்து” ஆம்.

எங்களுக்கு இந்த இரண்டு பக்கத்தோடும் சண்டை இருக்கிறது. நம்ம சனத்தை மொத்தமாகக் கொலைகாரர் ஆக்குகிறவர்களோடும் சண்டை, கம்பி கட்டுவதை வீரம் என்று காட்டுகிற நம்ம பசங்களோடும் சண்டை. ஒன்றைச் சொன்னால் மற்றதை மறைக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

அந்தக் கருஞ்சிறுத்தை

2020 மே 26. கொரோனா காலம். நல்லதண்ணி பக்கம், லக்சபான தோட்டத்தில், ஒரு கருஞ்சிறுத்தை கம்பியில் மாட்டிக் கிடந்தது. கருஞ்சிறுத்தை என்பது தனி இனம் கிடையாது. நம்ம சிறுத்தையேதான், நிறத்தைத் தீர்மானிக்கிற மரபணுவில் ஒரு சின்ன மாற்றம். தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் குட்டி கறுப்பாகப் பிறக்கும். இலங்கையில் அப்படி ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம். வனஜீவராசிகள் திணைக்களத்து ஆட்கள் வந்து மயக்க ஊசி போட்டு, கம்பியை அறுத்து, உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மே 29 ஆம் திகதி அது செத்துப்போனது.

கம்பியிலிருந்து எடுத்த பிறகும் ஏன் செத்தது என்று அப்போது நிறையப் பேர் கேட்டார்கள். கம்பி வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அந்தக் கேள்வி வராது. பைக் கிளச் கம்பியோ பிரேக் கம்பியோ, ஒரு நுனியில் சுருக்கு. மறு நுனி மரத்தில். மிருகம் போய்வருகிற தடத்தில் தொங்கும். தலையோ இடுப்போ உள்ளே போனதும் மிருகம் முன்னால் இழுக்கும். இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும். பன்றியோ மரையோ ஓடத்தான் பார்க்கும். சிறுத்தை திமிறும், சுழலும், கம்பியைக் கடிக்கும், கட்டியிருக்கிற மரத்தைப் பிறாண்டும். தோலுக்கு மேலே ஒரு கோடுதான் தெரியும், அதற்கு அடியில் சதை நசுங்கி, இரத்த ஓட்டம் நின்று, மூச்சுக்குழாய் நெரிந்திருக்கும். வெளியே எடுத்த அன்றைக்கு எழுந்து நின்ற மிருகம்கூட மூன்றாம் நாள் விழுந்துவிடும். “காப்பாற்றிவிட்டோம்” என்று படம் போடுகிற நேரத்தில், உள்ளே அது ஏற்கனவே செத்துக்கொண்டிருக்கும்.

அது கறுப்பாக இருந்ததால் நாடே பேசியது. சாதாரணப் புள்ளியோடு இருக்கிற சிறுத்தைகள் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை என்று இந்த மலைகளில் இதேபோல் மாட்டும்போது, உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி வரும். இலங்கையில் வளர்ந்த சிறுத்தைகள் மொத்தமே ஆயிரத்துக்கும் குறைவு என்றுதான் கணிக்கிறார்கள். நாலு வரியாக வந்தாலும் ஒவ்வொன்றும் பெரிய இழப்பு.

காத்துத் தெரியாதவனுக்கு எதுக்கு வேட்டைக்காரன் பட்டம்?

வேட்டையை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஆனால் வேட்டை என்ற சொல்லுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. முதல் பாடமே காத்து. காத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது, நம்ம வாடை எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாதவன் காட்டுக்குள் போனால், அவன் போய்ச் சேருகிறதுக்கு முன்னாலேயே மிருகம் போய்விடும்.

அமெரிக்காவில் கொயோட்டி என்று ஒரு மிருகம் இருக்கிறது. நம்ம நரிக்குச் சொந்தக்காரன் மாதிரி. அங்கே அதைக் கூப்பிட்டு வேட்டையாடுகிறார்கள். அடிபட்ட முயல் கத்துகிற மாதிரி ஊதுகுழலிலோ மெஷினிலோ சத்தம் எழுப்புவார்கள். கொயோட்டி நேராக வராது. சுற்றி வளைத்து, காத்து வந்து சேருகிற பக்கமாகப் போய், முதலில் மோந்து பார்க்கும். மனுச வாடை பட்டால் முடிந்தது. அதனால் புதுசாகப் போகிறவனுக்கு அங்கே முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான்: காத்து முகத்தில் அடிக்கிற மாதிரி உட்கார், அது சுற்றிவரக்கூடிய பக்கத்தில் கண்ணை வை, பலத்த காத்தில் சத்தம் தூரம் போகாது என்பதால் பள்ளத்தில் மறைவான இடம் பார், அதுவும் சரிவராவிட்டால் வீட்டுக்குப் போ. எதிரே வந்து நிற்பது என்ன மிருகம் என்று தெரியாமல் விசையில் விரல் வைக்காதே.

அந்த விளையாட்டும் எங்களுக்கு உவப்பில்லை. பொழுதுபோக்குக்காக ஒரு உயிரை ஏமாற்றிக் கூப்பிட்டுச் சுடுவதில் என்ன பெருமை என்றுதான் கேட்போம். ஆனாலும் அந்த ஆள் அங்கே உட்கார்ந்திருக்கிறான். பார்க்கிறான். வந்தது நாயா, கொயோட்டியா, பக்கத்து வீட்டுக்காரனா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். வேண்டாம் என்று துப்பாக்கியைக் கீழே வைக்கவும் அவனால் முடியும்.

கம்பிக்கு அந்த “வேண்டாம்” கிடையாது. காத்து எந்தப் பக்கம் அடித்தாலும் அதற்கு ஒன்றுதான். பன்றி வந்தாலும் இறுகும், சினைப்பட்ட மரை வந்தாலும் இறுகும், குட்டிக்குப் பால் கொடுக்கிற சிறுத்தை வந்தாலும் இறுகும், லயத்தில் வளர்கிற நாய் வந்தாலும் இறுகும். கட்டினவன் அப்போது லயக் காம்பராவில் தூங்கிக்கொண்டிருப்பான்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மே மாதம் பிறந்தால் நம்ம பக்கம் தென்மேற்குக் காத்து தொடங்கிவிடும். ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி என்றால் ஆனி, ஆடியில் தகரம் பறக்கிற காத்து, விடாத மழை, பத்தடிக்கு அப்பால் தெரியாத பனிமூட்டம். அந்த நாட்களில் கட்டின கம்பியைப் போய்ப் பார்க்க எத்தனை பேர் காட்டுத் தொங்கலுக்கு ஏறுவார்கள்? மாட்டின மிருகம் கத்தினாலும் அந்தக் காத்தில் லயத்துக்குக் கேட்குமா? கட்டினவனே மறந்துபோன கம்பி மாதக்கணக்கில் அங்கேயே தொங்கும், தன் வேலைக்குத் தயாராக. அமெரிக்காவில் பலத்த காத்து என்றால் வேட்டைக்காரன் வீட்டுக்குத் திரும்புகிறான். இங்கே காத்துக் காலத்தில்தான் கம்பி இன்னும் மோசமான ஆயுதமாகிறது.

பொறுமையும் கண்ணும் காதும் காத்தைப் பற்றின அறிவும் எதுவுமே இல்லாதவன்தான் கம்பியைக் கையில் எடுக்கிறான். அதனால்தான் சொல்கிறோம் தம்பிமாரே, இதில் வீரம் என்று ஒன்று இல்லை. வீடியோவில் நீங்கள் காட்டுவது கடையில் வாங்கின கம்பியின் வேலை.

சரி, யாருடைய விளையாட்டு இது?

இனி மற்றப் பக்கம். “தோட்டத்து ஆட்கள் காட்டுமிராண்டிகள், மிருகத்தின் அருமை தெரியாதவர்கள்” என்று எழுதுகிற பெருமக்களுக்கு.

நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் ஹோர்ட்டன் சமவெளிக்கும் போகிறார்கள். டிக்கெட் வாங்கி, நடந்து, பேக்கர் நீர்வீழ்ச்சி முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அந்த பேக்கர் யார்? சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவில் குடியேறி, நாய்க் கூட்டத்தை வைத்துக்கொண்டு இந்த மலைகளில் மரைகளைத் துரத்தித் துரத்திக் கத்தியால் குத்தினவர். அதைப் பெருமையாகப் புத்தகமும் எழுதினார். அதே நுவரெலியாவில் மேஜர் ரோஜர்ஸ் என்று ஒருவருடைய கல்லறை இருக்கிறது. 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிற மனுசன். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அந்தக் காலத்தில் யானையைக் கொன்றால் அரசாங்கமே பணம் கொடுத்தது.

அவர்களுக்குப் பெயர் விளையாட்டு வீரர்கள். நீர்வீழ்ச்சிக்கு அவர்கள் பெயர். பன்றிக்குக் கம்பி கட்டின தொழிலாளிக்குப் பெயர் காட்டுமிராண்டி. இதுதான் கணக்கென்றால் அந்தக் கணக்கை நாங்கள் ஏற்கமாட்டோம்.

காட்டை அழித்ததும் அப்படித்தான். 1840இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, உறுதி காட்ட முடியாத காணியெல்லாம் முடிக்குச் சொந்தம் என்றார்கள். அதை வெள்ளைக்காரத் துரைமாருக்கு விற்றார்கள். முதலில் கோப்பி, கோப்பிக்கு நோய் வந்ததும் தேயிலை. காட்டை வெட்டினது நம்ம பாட்டன் பூட்டன் கைதான். ஆனால் வெட்டச் சொன்னதும் லாபம் எடுத்ததும் அவர்கள் இல்லை. பிறகு 5,000 அடிக்கு மேலே காட்டை வெட்டினால் ஆறெல்லாம் வற்றிப்போகும் என்ற பயம் வந்து, 1870களில் வெள்ளைக்காரனே ஒரு எல்லை போட்டான். அதனால்தான் இன்றைக்கும் நம்ம மலைகளில் உச்சியில் காடு, கீழே தேயிலை, நடுவில் லயம். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிற சிறுத்தைக்குத் தேயிலையைக் கடக்காமல் வழியே இல்லை. அது நம்ம இடத்துக்கு வரவில்லை, நாமும் அதன் இடத்துக்கு ஆசைப்பட்டு வரவில்லை. இரண்டு பேரையும் ஒரே சரிவில் கொண்டுவந்து நிறுத்தினது வேறு ஆள்.

இதில் ஒரு கசப்பான வேடிக்கை. இலங்கைச் சிறுத்தையின் விஞ்ஞானப் பெயரில் “கொட்டியா” என்ற சிங்களச் சொல் இருக்கிறது. யுத்தக் காலத்தில் மலையகத் தமிழனையும் அதே சொல்லால்தான் திட்டினார்கள், அதே சொல்லைச் சொல்லித்தான் பிடித்துக்கொண்டும் போனார்கள். இப்போது கொட்டியாவைக் கொல்கிறவர்கள் என்று அதே ஆட்கள் நம்மைத் திட்டுகிறார்கள்.

அதுக்காக விட்டுடலாமா?

முடியாது. வெள்ளைக்காரன் செய்தான் என்பதற்காக நாம் செய்வது சரியாகிவிடாது. இங்கேதான் நம்ம ஆட்களோடு கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருக்கிறது.

“பன்றி வந்து மரக்கறித் தோட்டத்தையே கிளறிட்டுப் போகுது. நீங்க வந்து காவல் இருப்பீங்களா?” நியாயமான கேள்வி. தோட்டத்துச் சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கே 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350. அதில் குடும்பம் ஓடாது என்பதால்தான் லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு. ஒரே ராத்திரியில் பன்றிக் கூட்டம் வந்து கிளறினால் மூன்று மாத உழைப்பு போச்சு. கைவிட்ட தேயிலை மலைகள் மானாப் புல்லும் பற்றையுமாகக் காடாகிக் கிடக்கின்றன. பன்றிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்தப் பற்றையை வெட்டாமல் விட்டது தொழிலாளி இல்லை.

ஆனால் கம்பி அந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறதா? பன்றியைத் தின்கிறதும், பன்றிக் கூட்டத்தைப் பயத்திலேயே வைத்திருக்கிறதும் இந்த மலைகளில் எது? சிறுத்தை. இலங்கைக் காட்டில் அதற்கு மேலே சிங்கமும் கிடையாது, புலியும் கிடையாது. பன்றிக்குக் கட்டின கம்பியில் சிறுத்தையைக் கொல்வது, களவு போகிறது என்று சொல்லிக் காவக்காரனை அடிக்கிற மாதிரி.

அதோடு, கம்பியெல்லாம் மரக்கறிப் பாத்தியைச் சுற்றியா இருக்கிறது? நிறையக் கம்பி காட்டு ஓரத்தில், பாத்தியே இல்லாத இடத்தில். அது இறைச்சிக்கு. அதையும் மறைக்க வேண்டாம். வீட்டில் இறைச்சி சமைத்து நாளாச்சு என்று கட்டுகிறவர் இருக்கிறார், விற்கக் கட்டுகிறவரும் இருக்கிறார். விற்கிற இறைச்சி எங்கே போகிறது? டவுனுக்கு, போத்தலோடு உட்கார்ந்து “காட்டு இறைச்சி இருக்கா” என்று கேட்கிறவனுக்கு. பொலிஸில் மாட்டினால் மாட்டுகிறவன் கம்பி கட்டினவன். தின்றவன் அடுத்த வாரம் பேஸ்புக்கில் சிறுத்தைக்குக் கண்ணீர் விடுவான். சிறுத்தையைக் கொல்வது 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். “பன்றிக்குத்தான் கட்டினேன்” என்று சொல்லித் தப்ப முடியாது.

“சிறுத்தை நம்ம ஆட்கள் மேல பாயுதே?” பாய்ந்திருக்கிறது. கொழுந்து எடுக்கிற பெண்கள் காயப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பயத்தைக் கொழும்பில் இருந்துகொண்டு கேலி செய்ய யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் கொழுந்து மலைக்குள் படுத்திருக்கிற சிறுத்தை ஆளைக் கண்டால் விலகித்தான் போகும். போக வழியில்லாமல் நெருக்கினால், குட்டி பக்கத்தில் இருந்தால் பாயும். கம்பியில் அரைகுறையாக மாட்டித் தப்பின சிறுத்தை, புண்ணோடும் பசியோடும் அலைகிற சிறுத்தை, இன்னும் ஆபத்து. அம்மாமார் பத்திரமாகக் கொழுந்து எடுக்க வேண்டும் என்றால் முதலில் போக வேண்டியது கம்பி.

எண்ண வேண்டியதை எண்ணுங்க

2025 மார்ச் 15 ஆம் திகதி அரசாங்கம் நாடு முழுக்க ஐந்து நிமிடம் ஒதுக்கி, பயிரை அழிக்கிற குரங்கு, மயில், மர அணிலையெல்லாம் எண்ணச் சொன்னது. எண்ணினோம், மீம் போட்டோம், சிரித்தோம். சரி. ஆனால் கம்பியை எண்ணச் சொல்லி யாரும் ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. குரங்கு ஓடிப்போகும், எண்ணுவது கஷ்டம். கம்பி கட்டின இடத்திலேயே இருக்கும். எண்ணுவது சுலபம், எண்ணின கையோடு அவிழ்த்துவிடவும் முடியும்.

தோட்டக் கம்பனிகளிடம் கேட்கிறோம். ஒவ்வொரு மலையிலும் எத்தனை கிலோ கொழுந்து என்று கிராம் கணக்கில் தெரிந்து வைத்திருக்கிற உங்களுக்கு, அந்த மலையின் ஓரத்தில் எத்தனை கம்பி என்று தெரியாதா? மாதத்தில் ஒரு நாள், சம்பளத்தோடு, காட்டோரம் நடந்து கம்பி எடுக்க ஆள் போடுங்கள். அதை அரைப்பேர் ஆக்காமல் முழுப்பேராகப் போடுங்கள். காடாகக் கிடக்கிற மலையைச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் அந்தக் காணியைத் தொழிலாளிக்குக் கொடுங்கள்.

அரசாங்கத்திடம் கேட்கிறோம். பன்றி அழித்த மரக்கறிக்கு நட்டஈடு கேட்க லயத்துக்காரனுக்கும் ஒரு வழி வையுங்கள். காணி உறுதி இல்லை என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள், உறுதி இல்லாமல் வைத்திருப்பது நீங்கள்தான். நல்லதண்ணியில் காயப்பட்ட மிருகம் உடவளவை வரை மலையிறங்கிப் போகிற நிலைமை மாறி, மலையகத்துக்குள்ளேயே எந்த நேரமும் தயாராக ஒரு மிருக வைத்தியக் குழு இருக்கட்டும். சிறுத்தை மாட்டியிருக்கிறது என்று போன் பண்ணுகிறவருக்குத் தமிழில் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கட்டும். தமிழ் அரசகரும மொழியாகி எத்தனை வருசம்! முக்கியமாக, தகவல் சொன்னவரையே முதல் சந்தேக நபராக ஸ்டேஷனில் உட்கார வைக்க மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்தப் பயம் இருக்கிறவரை, மாட்டின மிருகத்தைப் பார்த்தவர் பார்க்காத மாதிரி இறங்கி வந்துவிடுவார். சிறுத்தை சாகிறது அந்த மௌனத்திலும்தான்.

மிருக நேசர்களிடமும் ஒன்று. யாலவில் சிறுத்தை என்றால் ஜீப்பும் டொலரும். இங்கே சிறுத்தை என்றால் தொழிலாளிக்குப் பயமும் வழக்கும். சிறுத்தையால் ஒரு சதமும் கிடைக்காதவனிடம், அதற்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடு என்று பாடம் எடுக்காதீர்கள். வந்து பக்கத்தில் நில்லுங்கள். இந்த மலைகளிலேயே தங்கி, கமெரா வைத்து, சிறுத்தைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, தோட்டத்து ஆட்களோடு பேசி வேலை செய்கிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அன்ஜலி வொட்சன், அன்ட்ரூ கிட்டில் இருவரும் பல வருசமாக அதைச் செய்கிறார்கள். கமெண்ட் எழுதுகிறதைவிட அது கஷ்டமான வேலை.

கடைசியாக நமக்கு. கோயில் கமிட்டிக்கும் கிரிக்கெட் டீமுக்கும் இளைஞர் மன்றத்துக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பத்துப் பேர், பகல் வெளிச்சத்தில், கூட்டமாக, சத்தம் போட்டுக்கொண்டே காட்டோரம் நடந்தால் ஒரு டிவிஷனைச் சுற்றிவிடலாம். வெறும் கம்பியைக் கண்டால் அவிழ்த்து, வெட்டி, கொண்டுவாருங்கள். மிருகம் மாட்டியிருந்தால் கிட்டப் போகாதீர்கள், படம் எடுக்கக் கூட்டம் கூட்டாதீர்கள். தூரத்தில் நின்று, சனத்தை விலக்கி, திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். ஆளைக் கண்டு திமிறுகிற ஒவ்வொரு தடவையும் சுருக்கு இன்னும் இறுகும்.

வட்ஸ்அப்பில் பன்றி வீடியோ வந்தால் ஹார்ட் போடாதீர்கள். “எங்கடா கட்டின? அவிழ்த்தியா?” என்று கேளுங்கள். நம்ம தம்பிதானே, கேட்கலாம். நாம் கேட்காவிட்டால் அந்தக் கேள்வியைப் பொலிஸ் கேட்கும், அப்போது அவன் மட்டும்தான் உள்ளே இருப்பான்.

200 வருசமாக இந்த மலையை நம்ம மலை என்று சொல்லிக்கொண்டு வருகிறோம். காணி கேட்கிறோம், முகவரி கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். நம்ம மலை என்றால் அதன் காட்டோரமும் நம்ம பொறுப்புத்தான். இந்த வருசம் காத்து எழும்புவதற்கு முன்னால் உங்கள் டிவிஷனில் எத்தனை கம்பி இருக்கிறது என்று எண்ணி, எங்களுக்கு எழுதுங்கள். அவிழ்த்த கம்பியின் எண்ணிக்கையைத்தான் கேட்கிறோம்.